படமரம் படும் இடம்

படிவம் நிரப்புவதில் எனக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். அடித்தல் திருத்தல் இல்லாமல், கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி போகாமல் எழுதிக் கொடுப்பேன். அந்தப் பெருமையோடுதான் திண்டுக்கல் மருத்துவமனையில் என் மனைவியின் படிவத்தையும் நிரப்பினேன். அதில் நான் செய்த ஒரு பிழை அவளுடைய மீதி வாழ்க்கையைக் கெடுத்திருக்கும். கெடாமல் போனதற்குக் காரணம் நான் இல்லை.

எங்கள் ஊர் சின்னாளபட்டி. அப்பா நெசவாளர். நான் படித்து வாத்தியாராகித் தறியிடமிருந்து தப்பித்துவிட்டேன். தறி எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டது. கல்யாணமாகி வந்த மறு வாரமே என் மனைவி அதில் போய் உட்கார்ந்தாள். குழித்தறி. தரையில் ஒரு குழி, அதன் விளிம்பில் ஒரு பலகை. பலகையில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதித்து நெய்ய வேண்டும். நெய்த துணி சுருண்டுகொள்ளும் கட்டைக்குப் படமரம் என்று பெயர். நெய்கிறவரின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு அது குறுக்கே கிடக்கும். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதே அவள் ஒரு முழம் நெய்திருப்பாள். சாயங்காலம் நான் திரும்பும்போதும், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து வெளியூர் போனார்கள். நான் ஓய்வு பெற்று, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு ஓய்வு என்று எதுவும் வரவில்லை. கேட்கவும் இல்லை. கரையைப் பார்த்தே இது அவள் நெய்த சேலை என்று கடைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்கும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு சின்ன கர்வம் வரும். வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை.

மலத்தோடு ரத்தம் போவதை அவள் முதலில் என்னிடம் சொல்லவில்லை. சொன்ன பிறகும் நான் பெரிய மேதாவி மாதிரி, "மூலந்தான், உக்காந்தே இருந்தா வராம என்ன செய்யும்" என்றேன். துத்திக்கீரை நல்லது என்று யாரோ சொல்ல, வரப்பு வரப்பாகப் போய்ப் பறித்துக்கொண்டு வந்தேன். வதக்கித் தின்றாள், அவித்துத் தின்றாள், ஒரு வருடம் போனது. துத்தி மேல் குற்றமில்லை. குழாய் விட்டுப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியதை நான் ஒரு வருடம் கீரை பறித்துத் தள்ளிப்போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மகள் வந்து சத்தம் போட்ட பிறகுதான் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனேன். மலக்குடலில் கட்டி. புற்று. அதுவும் ஆசனவாய்க்கு மிகப் பக்கத்தில். ரிப்போர்ட்டை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளோ, "சரி, என்னா செய்யணும்னு கேளுங்க" என்றாள், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் சிக்கிக்கொண்டால் கேட்கிற அதே குரலில்.

அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய டாக்டர் ஒரு பெண். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு, குட்டையான உருவம், வேகமான நடை. முதலில் மதுரையில் கதிர்வீச்சும் மாத்திரையும் எடுத்து, கட்டியைச் சுருக்கிக்கொண்டு வரச் சொன்னார். வாரக் கணக்கில் மதுரைக்கும் ஊருக்குமாகப் பஸ்ஸில் அலைந்தோம். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. டாக்டருக்கு அதில் நிஜமான சந்தோஷம். ஒரு வெள்ளைத் தாளில் குடலை வரைந்து காட்டினார்.

"முன்னெல்லாம் இந்த எடத்துல கட்டி வந்தா ஒரே வழிதானுங்க. கீழ்வாயோட சேத்து எடுத்துட்டு, வயித்துல ஒரு தொளை போட்டு, அதுல மலம் சேர்றதுக்கு ஒரு பை ஒட்டிருவோம். ஆயுசுக்கும் பைதான். இப்ப கட்டி சுருங்கிருச்சு. சின்ன தொளைக வழியா உள்ள போயி, கட்டிய எடுத்துட்டு, மேல் குடலக் கீழ கொண்டாந்து எணைக்க முடியுங்க. கொஞ்ச மாசத்துக்கு மட்டும் பை இருக்கும், அப்பறம் எடுத்தரலாம்."

எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை.

"ஒண்ணு சொல்லீர்றேனுங்க. இம்புட்டுக் கீழ எணைச்சா பழையபடி இருக்காது. அடிக்கடி போகணும். வந்தா ஒடனே ஓடணும், அடக்க முடியாது. நாளானா கொறையும், முழுசாப் போயிராது. அம்மா என்ன பண்றாங்க?"

அவர் கேட்டது அவளைப் பற்றி. பார்த்தது என்னை. பதில் சொன்னது நான்.

"சும்மா வீட்லதாங்க இருக்கா."

"அப்படின்னா சமாளிச்சுக்குவாங்க" என்றார் டாக்டர்.

நான் பொய் சொன்னதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆண் நெய்தால் அது தொழில். பெண் நெய்தால், அது சோறு வடிப்பது, வாசல் தெளிப்பது மாதிரி வீட்டு வேலைகளில் ஒன்று. நாளெல்லாம் தறியில் கிடக்கிற பெண்ணிடம் போய், "என்ன செய்றீங்க?" என்று கேட்டால் அவளே, "சும்மாதான் இருக்கேன்" என்பாள். என் மனைவியும் அப்படிச் சொல்கிறவள்தான். அதனால் நான் சொன்னபோது அவள் வாயைத் திறக்கவில்லை. படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில், என் அழகான கையெழுத்தில், இல்லத்தரசி என்று எழுதினேன்.

"எணைச்சிருங்க டாக்டர்" என்று சொன்னதும் நானே. அவளைக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பை என்றாலே அருவருப்பாக இருந்தது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், வீட்டில் வாடை அடிக்குமா, விசேஷத்துக்குப் போக முடியுமா என்றெல்லாம் என் மூளை ஓடியது. குழியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி, வந்த உடனே எப்படி எழுந்து ஓடுவாள் என்ற எளிய கணக்கு, கணக்கு வாத்தியாருக்கு வரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் ஒரு நர்ஸ் வந்தார். திண்டுக்கல்காரப் பெண், முப்பது வயது இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. இந்தப் பை சம்பந்தமான வேலைக்கென்றே படித்தவர் என்று பிறகு தெரிந்தது. கையில் ஊதா நிறப் பேனா.

"எணைச்சாலும் கொஞ்ச நாளைக்குப் பை இருக்கும்ல சார். உள்ள போய்ப் பாக்கும்போது எணைக்க முடியாமப் போனா நிரந்தரமா ஒண்ணு வைக்கணும். ரெண்டுக்கும் எடம் குறிச்சு வச்சிரணும். கத்தி எடுத்தப்பறம் எடம் தேட முடியாது" என்றார்.

வயிற்றில் ஒரு புள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நான் நினைத்தேன். அவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். படுக்கச் சொன்னார், தலையைத் தூக்கச் சொன்னார், வயிற்றுத் தசை எங்கே இறுகுகிறது என்று விரலால் தேடினார். நிற்க வைத்தார். உட்கார வைத்தார். குனிய வைத்தார். பாவாடைக் கயிறு எங்கே கட்டுவீர்கள், மடிப்பு எங்கே விழுகிறது, உங்கள் கண்ணுக்கு இந்த இடம் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொப்புளுக்குக் கீழே, தற்காலிகப் பைக்கு வலப்பக்கம் ஒன்று, நிரந்தரப் பைக்கு இடப்பக்கம் ஒன்று என்று ஊதாப் புள்ளி வைத்தார். வைத்துவிட்டு, கிளம்பாமல், வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இதென்ன கறுப்பா? குறுக்க ஒரே கோடா இருக்கு. பெல்ட் எதுவும் போட்டீங்களா?"

இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் கவனித்துப் பார்க்காத ஒன்றை அவர் பார்த்திருந்தார். தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே, இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, தோல் கறுத்துக் காய்ப்புக் காய்த்திருந்தது. ஊதாப் புள்ளி இரண்டும் அந்தக் கறுப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

"பெல்ட்டெல்லாம் இல்ல தாயி" என்றாள் என் மனைவி. "படமரம் படுற எடம்."

"படமரம்னா?"

"தறியில துணி சுத்துற கட்ட. நெய்யும்போது வயித்துல இடிச்சுக்கிட்டே இருக்கும்."

"நீங்க நெய்வீங்களா? எம்புட்டு நேரம்?"

"விடிஞ்சு உக்காந்தா வெளக்கு வைக்கிற வரைக்கும். நடுவுல சோறாக்க எந்திரிப்பேன்."

நர்ஸ் கட்டிலின் கால்மாட்டில் கிடந்த கோப்பை எடுத்துப் புரட்டினார். "இதுல இல்லத்தரசின்னு போட்ருக்கே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். சும்மா பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பூசணிக்காய் நாள் முழுக்கத் தறிச் சத்தம் போட்டுக்கொண்டே என் வீட்டுக்குள் இருந்திருக்கிறது.

"எங்க, எப்படி உக்காருவீங்கன்னு காட்டுங்கம்மா" என்றார் நர்ஸ்.

அவளைக் கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார வைத்தார். நோயாளிகள் சாப்பிடுவதற்கென்று சக்கரம் வைத்த மேசை ஒன்று இருந்தது. அதை இழுத்து, உயரத்தைக் கூட்டிக் குறைத்து, "இதுதான் படமரம்னு வச்சுக்கங்க, சரியா இருக்கா?" என்று கேட்டார். "இன்னுஞ் செத்த எறக்கு தாயி... ஆங், அம்புட்டுத்தான்." பிறகு என் மனைவி வெறும் காற்றில் நெய்ய ஆரம்பித்தாள். வலது கை நாடாக் கயிற்றை இழுத்தது, இடது கை நூலை அடித்துச் சேர்த்தது, கால்கள் மாறி மாறி மிதித்தன. பக்கத்துக் கட்டில் பெண் தலையைத் தூக்கி, "என்னாத்தா, சினிமாவுல சேந்துட்டியா?" என்றாள். வார்டே சிரித்தது. நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, மேசை விளிம்பு வயிற்றில் எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூல் அறுந்தா என்ன செய்வீங்க?"

"எட்டி முடிச்சுப் போடுவேன்" என்று அவள் மேசை மேல் கவிழ்ந்து காட்டினாள். நர்ஸ் விரலை வயிற்றுக்கும் மேசைக்கும் நடுவே கொடுத்துப் பார்த்தார். ஸ்பிரிட்டை எடுத்துத் தான் வைத்த புள்ளிகளைத் தானே அழித்தார். முதலில் இடப்பக்கம், தொப்புளுக்கு மேலே, புதிதாக ஒன்று வைத்தார். மறுபடி கவிழச் சொன்னார். அரை விரல் தள்ளி வைத்தார்.

"இங்க வச்சா சேலைக் கட்டுக்கு மேல வரும்மா. பரவால்லயா?"

"முந்தானை எதுக்கு இருக்கு?" என்றாள் என் மனைவி.

பிறகு நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார். தன் வேலை முடிந்துவிட்டது என்று அவர் போயிருக்கலாம். புள்ளி மட்டும் மாறினால் போதாது, திட்டமே மாற வேண்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. டாக்டர் வந்து கேட்டார். கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் சொன்ன முதல் வாக்கியம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

"தப்பு எம்மேலதானுங்கம்மா. உங்களப் பத்தி உங்ககிட்டக் கேக்காம சார்கிட்டக் கேட்டுட்டேன்."

வாத்தியாராக, வகுப்பில் பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்ல முப்பது வருடத்தில் எனக்கு வாய் வந்ததில்லை. அவர் வார்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

இரண்டு வழிகளையும் முதலிலிருந்து சொன்னார், இந்த முறை அவளைப் பார்த்து. புற்றை எடுக்கிற விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், இதில் உசத்தி தாழ்த்தி இல்லை, அதற்குப் பிறகு வாழ்கிற வாழ்க்கைதான் வேறு வேறு என்றார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேள்வி கேட்டாள்.

"பை ஒழுகுமா? சேலையில ஒரு கறை பட்டாலும் போச்சு."

"சரியா வெட்டி ஒட்டுனா ஒழுகாதுங்க. என்னைக்காச்சும் ஆகலாம். ஒட்டப் பழகிக்கணும்."

"எணைச்சா, வருதுன்னு தெரிஞ்சப்பறம் அறுந்த நூல முடிஞ்சுட்டு எந்திரிக்கிற அளவுக்கு நிக்குமா?"

"நிக்கும்னு சொல்ல எனக்கு ஆசைதானுங்க. பாதி நாளு நிக்காது."

"கக்கூசு கொல்லையில இருக்கு. குழியில இருந்து எந்திரிக்கவே முட்டியப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கிறேன்" என்றாள் அவள். "அப்ப எனக்குப் பையே வச்சிருங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "இந்தா, என்ன பேசுற? இம்புட்டு வசதி வந்தப்பறம் எவனாச்சும் வேணாம்பானா? ஆயுசுக்கும் பையக் கட்டிக்கிட்டு..."

"ஆயுசுக்கும் நாந்தான உக்காரணும்" என்றாள் அவள். அதிர்ந்துகூடப் பேசவில்லை.

டாக்டர் ஆபரேஷனை இரண்டு நாள் தள்ளிவைத்தார். அவசரம் வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நர்ஸ் ஒரு காலிப் பையை எடுத்து, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, புதுப் புள்ளியின் மேல் ஒட்டினார். "ஒரு நா இதோடவே இருந்து பாருங்க. நடங்க, உக்காருங்க, படுங்க. மேசைய இழுத்துப் போட்டு நெய்ங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், உங்களுக்கும் ஒண்ணு ஒட்டி விடவா?" என்றார்.

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. எனக்கும் ஒன்று ஒட்டினார்.

சட்டைக்குள்ளே தண்ணீர்ப் பையோடு கீழே டீக்கடைக்குப் போனேன். உலகமே என் வயிற்றைப் பார்க்கிற மாதிரி இருந்தது. சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். டீ மாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, "சார், சர்க்கர கம்மியாவா?" என்றார். வத்தலக்குண்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒருவர் என் மேல் முட்டிவிட்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்த பழைய ஹெட்மாஸ்டர் ஒருவர் எதிர்ப்பட்டு, பென்ஷனைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஒரு ஆளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேலே வந்தபோது, அவள் மேசை முன்னால் உட்கார்ந்து காற்றில் நெய்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே சிறுமலை மேல் மேகம் இறங்கியிருந்தது.

"பட்டுச்சா?" என்று கேட்டேன்.

"படல" என்றாள். "உங்களுக்கு?"

"ஒருத்தனும் கண்டுக்கல."

அவள் சிரித்தாள். முடிவைப் பற்றி அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை; பைதான் என்று மறுநாள் அவளே டாக்டரிடம் சொல்லிவிட்டாள்.

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்து மதியத்துக்குப் பிறகு முடிந்தது. என் சித்தப்பாவுக்கு ஒரு காலத்தில் வயிற்று ஆபரேஷன் நடந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை கிழித்து, பத்து நாள் வாயில் தண்ணீர்கூட விடாமல் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஞாபகத்திலேயே நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியில் தொப்பியின் தடம் பதிந்திருந்தது. "கட்டி முழுசா வந்துருச்சுங்க. குறிச்ச எடத்துலயேதான் வச்சிருக்கேன்" என்றார். குறிச்ச எடத்துலயேதான். நான் கேட்காமலே அதைச் சொன்னார். அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கப்படவும் இல்லை.

வயிற்றின் முன்புறம் விரல் நகம் அளவில் நாலைந்து துளைகள், பின்னால் உட்காருமிடத்தில் ஒரு தையல், அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் எழுப்பி நடக்க விட்டார்கள். குடல் சீக்கிரம் விழித்துக்கொள்ளட்டும் என்று நர்ஸ் ஒரு சூயிங்கம் கொடுத்தார். நான் வகுப்பில் சூயிங்கம் மென்றவனையெல்லாம் வெளியே நிறுத்தியவன். கட்டிலில் சாய்ந்துகொண்டு அதை மென்றபடி என் மனைவி சொன்னாள்: "ஏங்க, எங்க, ஒரு வாட்டி வெளிய போன்னு சொல்லுங்க பாப்போம்." மூன்றாம் நாள் பையில் காற்று வந்து உப்பியபோது வார்டில் எங்களுக்குத்தான் பெரிய கொண்டாட்டம். பக்கத்துக் கட்டில்காரி குலவையே போட்டாள்.

வயிற்றிலிருந்து வெளியே தெரிந்த குடல்வாய், உதட்டின் உள்பக்கம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருந்தது. அவள் முதல் நாளே குனிந்து பார்த்துவிட்டாள். எனக்கு இரண்டு நாள் ஆனது. நர்ஸ் என்னை விடவில்லை. பையை ஒட்டுகிற தகட்டில், குடல்வாயின் அளவுக்குச் சரியாக ஒரு வட்டம் வெட்ட வேண்டும். பெரிதாகிவிட்டால் தோல் வெந்துபோகும், சிறிதாகிவிட்டால் குடல்வாயை அறுக்கும். "வாத்தியாருக்கு வட்டம் சொல்லித் தரவா?" என்று கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். முதல் வட்டம் கோணல். மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "கம்பெனியில வெட்டுனது மாதிரி இருக்கு சார்" என்றார். நல்லாசிரியர் விருது கிடைக்காத குறை அன்றைக்கு எனக்குத் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டமான காலம். பின்புறத் தையல் ஆறுகிற வரை அவளால் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. ஒருக்களித்தே படுத்திருந்தாள். அவள் தங்கை நல்ல மனதோடு, உட்கார வசதியாக இருக்கும் என்று காற்றடித்த டயர் டியூப் ஒன்றைக் கொண்டுவந்தாள். போனில் கேட்டபோது நர்ஸ் அலறினார்: "ஐயோ, வளையமா இருக்கறது வேண்டவே வேண்டாம், தையல இழுத்துப் பிரிச்சிரும். மெத்துன்னு ஒரு தலகாணி போதும்." அவள் தங்கையே இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று தைத்துக் கொடுத்தாள். நடுவில் ஆய்வு முடிவு வந்தது. வெட்டியெடுத்த பகுதியின் ஓரங்களில் புற்று இல்லை. மாத்திரைகள் தொடர்ந்தன. தறி மேல் நான் ஒரு போர்வையைப் போர்த்தி வைத்திருந்தேன். அவள் அதைப் பார்க்கிற பார்வையைப் பார்க்க முடியாமல் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். எல்லாம் சரியாக வந்து, அந்தக் குழியில் மட்டும் அவளால் உட்கார முடியாமல் போனால்? மேசை மேசைதான். படமரம் வேறு.

டாக்டர் உட்காரலாம் என்று சொன்ன மறுநாள் காலையில் போர்வையை எடுத்தாள். பலகையில் தலையணையைப் போட்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் காலை இறக்கினாள். நான் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த நர்ஸ் பார்த்த மாதிரியே பார்த்தேன். படமரம் பழைய கறுப்புக் கோட்டின் மேல் வந்து படிந்தது. பை அதற்கு நாலு விரல் மேலே, முந்தானைக்குள், தன் பாட்டுக்கு இருந்தது. நாடா ஓடியது. இரண்டு முறை, பத்து முறை, நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மாதக் கணக்கில் சும்மா கிடந்த பாவு. நூல் ஒன்று பட்டென்று அறுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் படமரத்தின் மேல் கவிழ்ந்தாள். வயிறு மடிந்தது. நான் மூச்சை விடவில்லை. எட்டி, அறுந்த இரண்டு முனைகளையும் பிடித்து, உருட்டி முடிந்து, எச்சில் தொட்டுத் தடவி, நிமிர்ந்தாள்.

"படலங்க" என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. புற்று என்று சொன்ன அன்றைக்குக்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த நர்ஸ் தள்ளி வைத்த அரை விரல் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

போன மாதம் வழக்கமான பரிசோதனைக்குத் திண்டுக்கல் போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் அவள் நெய்த சேலை ஆளுக்கொன்று கொண்டுபோயிருந்தாள். டாக்டர் உள்ளே வருவதற்கு முன்னால், புதிதாகச் சேர்ந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் பழைய கோப்பைப் பிரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் என் கையெழுத்து. தொழில் என்ற கட்டத்தில் இல்லத்தரசி என்பதன் மேல் ஊதாப் பேனாவில் ஒரே கோடு. பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, ஊதாவில் நெசவு என்று எழுதியிருந்தது. நான் நிரப்பிய படிவங்களில் அடித்தல் திருத்தல் உள்ளது அது ஒன்றுதான்.

"சார், இங்க ரெண்டு போட்ருக்கே. எது கரெக்ட்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"அத அவங்ககிட்டக் கேளுங்க தம்பி" என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நெசவு" என்றாள் அவள், பட்டென்று.

"சார் என்ன பண்றீங்க?" என்று அவர் பேச்சுக்குக் கேட்டார்.

"நாந்தான் சும்மா வீட்ல இருக்கேன்."

"சும்மாவா?" என்றாள் என் மனைவி. "அப்ப எனக்கு வட்டம் யாரு வெட்றது?"